வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து கிளவுடுக்கு: டேஷ்போர்டின் டேட்டாவை இடம் மாற்றுவது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களிலேயே நம்மில் பலரும் எக்ஸெல் தொகுப்பில் ஏதேனும் ஒரு கணக்கை எழுதத் தொடங்கிவிடுகிறோம். வீட்டுச் செலவு, சீட்டுப் பணம், பால் கணக்கு, வயல் வரவு செலவு எனப் பட்டியல் நீளும். வரிசைகள் நூறைத் தாண்டியவுடன் அடுத்த ஆசை வரும். இத்தனை எண்களையும் ஒரே பக்கத்தில் படமாகப் பார்த்தால் என்ன? அப்படி உருவாக்கப்படும் பக்கத்திற்குத்தான் டேஷ்போர்டு என்று பெயர்.

குதிரை வண்டிக் காலத்தில், குதிரையின் குளம்பு வாரியடிக்கும் சேறு ஓட்டுபவர் மேல் தெறிக்காமல் இருக்க முன்னால் ஒரு பலகை பொருத்தினார்கள். டேஷ்போர்டு என்பது அந்தப் பலகையின் பெயர். பிறகு மோட்டார் வண்டி வந்தது. வேகம், பெட்ரோல், சூடு ஆகியவற்றைக் காட்டும் மீட்டர்கள் அந்த இடத்தில் அமர்ந்தன. இப்போது கம்ப்யூட்டர் திரையில் வரைபடங்களும் மொத்தத் தொகைகளும் கொண்ட பக்கத்தையும் அதே பெயரில் அழைக்கிறோம்.

இங்கே ஒன்றைப் புரிந்து கொள்ள வேண்டும். டேஷ்போர்டில் தெரிவது படம் மட்டுமே. எண்கள் வேறு ஓர் இடத்தில் இருக்கின்றன. அந்த இடத்தை டேட்டா சோர்ஸ் என்பார்கள். பெட்ரோல் முள் மீட்டரில் ஆடினாலும் பெட்ரோல் டேங்கில்தானே இருக்கிறது! நம்முடைய டேங்க் வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் இருக்க வேண்டுமா, இன்டர்நெட் வழியே எங்கிருந்தும் தொடக்கூடிய கிளவுட் சேமிப்பில் இருக்க வேண்டுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஒரே கணக்கு, இரண்டு மொத்தம்

நான் இருப்பது பெரம்பலூர் மாவட்டம் ரஞ்சன்குடியில். சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இங்குள்ள கோட்டை தெரிந்திருக்கும். எங்கள் பகுதியில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியவை முக்கியப் பயிர்கள். எங்கள் குடும்ப நிலத்தை அண்ணன் பார்த்துக் கொள்கிறார். தம்பி சென்னையில் வேலையில் இருக்கிறான். கணக்கு எழுதும் வேலை என்னுடையது. செலவும் மூன்று பங்கு, வரவும் மூன்று பங்கு.

சின்ன வெங்காயம் விலை நிலையாக நிற்காத பொருள். அறுவடை நேரத்தில் விலை குறைவாக இருந்தால் பட்டறை போட்டு வைத்துக் காத்திருப்பார்கள். காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் வெங்காயம் காய்ந்து எடை குறையும், அழுகலும் வரும். பட்டறையைப் பிரித்து விற்பதா, இன்னும் பொறுப்பதா என்று முடிவு செய்ய, இதுவரை ஆன செலவு கிலோவுக்கு எவ்வளவு என்பது மூவருக்கும் ஒரே மாதிரித் தெரிய வேண்டும். இதற்காகத்தான் எக்ஸெல்லில் டேஷ்போர்டு அமைத்தேன். டேட்டா பைல் என் லேப்டாப்பின் டி டிரைவில் இருந்தது.

அண்ணன் மாலையில் போனில் செலவுகளைச் சொல்வார், நான் பதிவேன். தம்பிக்கு வாட்ஸ்அப்பில் பைலை அனுப்புவேன். விற்ற மூட்டைகளுக்கான லாரி வாடகையைத் தம்பிதான் அனுப்பி வந்தான் என்பதால், தன்னிடம் இருந்த பைலில் அதைச் சேர்த்துக் கொண்டான். இங்கே அதே வாரத்தில் ஆள் கூலி சேர்ந்தது. இப்போது சென்னையில் ஒரு மொத்தம், ரஞ்சன்குடியில் ஒரு மொத்தம். இரண்டு பைலிலும் தப்பான எண் ஒன்று கூட இல்லை. ஆனால் இரண்டுமே முழுக் கணக்கு இல்லை. அண்ணன் கேட்டது ஒரே கேள்விதான். "எதைப் பார்த்துடா நான் விலை பேசுறது?"

பைலை அனுப்பும்போது நாம் கணக்கைப் பகிர்வதில்லை. கணக்கின் நகலைப் பகிர்கிறோம். அனுப்பிய நொடியிலிருந்து நகல் தன் வழியில் போகிறது. கிளவுடுக்கு மாறுவதால் கிடைக்கும் முதல் பலன், பைல் ஒன்றே ஒன்றாக இருப்பதுதான். மற்ற வசதிகள் எல்லாம் இதற்குப் பிறகு.

நாடே பார்த்த ஷீட்

இது எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா பரவத் தொடங்கியபோது தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து கோவிட்19இந்தியா என்ற இணையதளத்தைத் தொடங்கினர். மாநில அரசுகள் தினமும் வெளியிட்ட அறிக்கைகளைச் சரிபார்த்து, எண்களைக் கூகுள் ஷீட்டில் பதிந்தார்கள். பதிந்தவர்கள் வெவ்வேறு ஊர்களில் இருந்தார்கள். இணையதளத்தின் டேஷ்போர்டுக்கு வேண்டிய எண்கள் அந்த ஷீட்டிலிருந்து சென்றன. யார் லேப்டாப் திறந்திருக்கிறது, யாருடையது மூடியிருக்கிறது என்ற பேச்சே இல்லை. 2021 அக்டோபர் 31 வரை அந்தச் சேவை நடந்தது.

அதே 2020ல் இங்கிலாந்தில் எதிர்மாறாக ஒன்று நடந்தது. ஆய்வுக் கூடங்கள் அனுப்பிய முடிவுகளை அங்குள்ள பொதுச் சுகாதார அமைப்பு பழைய எக்ஸ்.எல்.எஸ். வகை பைலில் ஏற்றியது. அந்த வகையில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிசைகள்தான் கொள்ளும். அதற்கு மேல் வந்தவை விடுபட்டுப் போயின. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேரின் விபரம் தினசரிக் கணக்கில் சேரவில்லை. அவர்களுடன் பழகியவர்களைத் தேடும் பணியும் தாமதமானது. இன்றைய எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். பைலில் 10,48,576 வரிசைகள் கிடைக்கும். கூகுள் ஷீட்டில் மொத்தம் 1 கோடி செல்கள் வரை செல்லலாம். வீட்டுக் கணக்குக்கு இரண்டுமே தாராளம். ஆனால் பாடம் நமக்கும் பொருந்தும். டேட்டாவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றினால், போனது எத்தனை, வந்தது எத்தனை என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

உங்கள் டேஷ்போர்டு எந்த வகை?

மாற்றும் முன் இதனைத் தெரிந்து கொள்ளுங்கள். மூன்று வகைகள் உண்டு.

1. டேட்டாவும் வரைபடமும் ஒரே எக்ஸெல் பைலில் வெவ்வேறு ஷீட்களில் இருக்கலாம். இப்படியானால் வேலை சுலபம். அந்த பைலை அப்படியே ஒன்டிரைவ் போல்டருக்கு நகர்த்தினால் போதும். உள்ளே எதையும் மாற்ற வேண்டாம். போனிலும் எக்ஸெல் ஆப் மூலம் அதையே திறக்கலாம்.

2. டேட்டா ஒரு பைலிலும் டேஷ்போர்டு இன்னொரு பைலிலும் இருந்து, டேட்டா பைல் போல்டர் மட்டும் மாறியிருக்கலாம். விண்டோஸ் 11 உள்ள புதிய கம்ப்யூட்டர்களில் இது அடிக்கடி நடக்கிறது. மைக்ரோசாப்ட் அக்கவுன்ட் கொடுத்து உள்ளே நுழைந்தால், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் போல்டர்கள் ஒன்டிரைவுக்குள் சென்றுவிடக் கூடும். பைல் முகவரியின் நடுவே ஒன்டிரைவ் என்ற சொல் புகுந்துவிடும். டேஷ்போர்டோ பழைய முகவரியில் தேடி, பைல் இல்லை என்று சொல்லும். பயப்பட வேண்டாம். எக்ஸெல்லில் டேட்டா டேபில் கெட் டேட்டா, அதில் டேட்டா சோர்ஸ் செட்டிங்ஸ் செல்லவும். பழைய முகவரியைத் தேர்ந்தெடுத்து சேஞ்ச் சோர்ஸ் பட்டனில் கிளிக் செய்து, பைல் இப்போது உள்ள இடத்தைக் காட்டவும். வேலை முடிந்தது.

3. டேட்டாவைப் பலர் பல இடங்களிலிருந்து பதிய வேண்டும். டேஷ்போர்டு மட்டும் உங்கள் எக்ஸெல்லில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டு நிலை இதுதான். இதற்குக் கூகுள் ஷீட்டை டேட்டா சோர்ஸாக வைப்பது நல்லது. இதனைச் சற்று விரிவாகப் பார்ப்போம். எக்ஸெல் 2019 மற்றும் அதற்குப் பின் வந்த தொகுப்புகளுக்கு இது பொருந்தும்.

மாற்றும் வழி

முதலில் டேட்டா பைல், டேஷ்போர்டு பைல் இரண்டையும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து, பைல் பெயரில் அன்றைய தேதியைச் சேர்த்து வைத்திடவும். பிறகு ஒரு துண்டுத் தாளில் மூன்று எண்களைக் குறித்துக் கொள்ளவும். மொத்த வரிசைகள் எத்தனை, தொகை நெடுவரிசையின் கூட்டல் எவ்வளவு, கடைசிப் பதிவின் தேதி என்ன. இந்தத் தாள் கடைசியில் தேவைப்படும்.

அடுத்து கூகுள் டிரைவ் சென்று, நியூ என்பதில் பைல் அப்லோட் மூலம் டேட்டா பைலை ஏற்றவும். ஏற்றியதைத் திறந்து, பைல் மெனுவில் சேவ் அஸ் கூகுள் ஷீட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்திடவும். இப்போது கூகுள் ஷீட் வடிவில் ஒரு புதிய பைல் கிடைக்கும். இனி இதுதான் மூலக் கணக்கு.

தேதியில் கவனம் தேவை. 05/06 என்பது நமக்கு ஜூன் 5. அமெரிக்க முறையில் மே 6. எனவே பைல் மெனுவில் செட்டிங்ஸ் சென்று லொகேல் என்பதில் இந்தியாவைத் தேர்ந்தெடுக்கவும். தேதி நெடுவரிசையை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-06-05 எனத் தெரியும்படி அமைக்கவும். இப்படி இருந்தால் எந்தத் தொகுப்பும் குழம்பாது. தொகை உள்ள செல்களில் ரூபாய்க் குறியோ கமாவோ வேண்டாம். வெறும் எண் போதும்.

தலைப்பு வரிசையில் உள்ள பெயர்களை எழுத்து கூட மாற்றாதீர்கள். 'செலவு' என்று இருந்ததை யாராவது 'செலவுகள்' என்று திருத்தினால், டேஷ்போர்டு அந்த நெடுவரிசையைக் காணவில்லை என்று நின்றுவிடும். டேட்டா மெனுவில் உள்ள புரொடெக்ட் ஷீட்ஸ் அண்ட் ரேஞ்சஸ் மூலம் முதல் வரிசையைப் பூட்டி வைப்பது நல்லது.

இப்போது ஷீட்டை எக்ஸெல் படிக்க வழி செய்வோம். பைல் மெனுவில் ஷேர், அதில் பப்ளிஷ் டு வெப் செல்லவும். கிடைக்கும் டயலாக் பாக்ஸில் இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலில் டேட்டா உள்ள ஷீட்டின் பெயரையும், இரண்டாவதில் காமா செப்பரேட்டட் வேல்யூஸ், அதாவது சி.எஸ்.வி. என்பதையும் தேர்ந்தெடுத்து பப்ளிஷ் தரவும். நீளமான ஒரு லிங்க் கிடைக்கும். அதனைக் காப்பி செய்து கொள்ளவும்.

இந்த இடத்தில் நிதானம் தேவை. இந்த லிங்க் பாஸ்வேர்ட் கேட்காது. லிங்க் கையில் இருக்கும் எவரும் ஷீட்டைப் படிக்கலாம், மாற்றத்தான் முடியாது. ஆகவே போன் எண், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், கூலியாட்களின் பெயர் ஆகியவை இந்த ஷீட்டில் இருக்கவே கூடாது. நான் 'ஆள் கூலி, 6 பேர்' என்று மட்டுமே பதிகிறேன். அப்படிப்பட்ட விபரம் இல்லாமல் உங்கள் கணக்கு ஓடாது என்றால் இந்த வழி உங்களுக்கு வேண்டாம். முதல் வகையில் சொன்ன ஒன்டிரைவ் வழியே போதும்.

எக்ஸெல்லில் டேஷ்போர்டைத் திறந்து, டேட்டா டேபில் ப்ரம் வெப் தேர்ந்தெடுத்து லிங்க்கை ஒட்டி ஓகே தரவும். அனுமதி கேட்டால் அனானிமஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து கனெக்ட் செய்திடவும். முன்னோட்டத்தில் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரிந்தால், மேலே பைல் ஆரிஜின் என்னும் இடத்தில் 65001 யூனிகோட் யு.டி.எப்.-8 என்பதை அமைக்கவும். எழுத்துகள் சரியாகிவிடும். பிறகு டிரான்ஸ்பார்ம் டேட்டா என்பதில் கிளிக் செய்திடவும். பவர் கொயரி எடிட்டர் என்னும் விண்டோ திறக்கும்.

இடது பக்கத்தில் பழைய கொயரி, புதிய கொயரி இரண்டும் இருக்கும். பழையது டி டிரைவைப் பார்க்கிறது. புதியது கிளவுடைப் பார்க்கிறது. வரைபடங்கள் எல்லாம் பழையதோடு இணைந்திருக்கின்றன. பழையதை அழித்தால் படங்கள் புதுப்பிக்கப்படாமல் நின்றுவிடும். எனவே பழைய கொயரியின் பெயரை வைத்துக் கொண்டு, உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுகிறோம். புதிய கொயரியைத் தேர்ந்தெடுத்து அட்வான்ஸ்டு எடிட்டர் சென்று, உள்ள அனைத்தையும் காப்பி செய்யவும். பழைய கொயரியின் அட்வான்ஸ்டு எடிட்டரைத் திறந்து, அங்கே உள்ளதை நீக்கி இதனை ஒட்டி டன் தரவும். பழைய கொயரியில் நீங்களே நெடுவரிசை எதையும் சேர்த்திருந்தால் அதை மறுபடி சேர்க்க வேண்டியிருக்கும். புதிய கொயரியை அழித்துவிட்டு, குளோஸ் அண்ட் லோட் தரவும்.

கடைசியாக, கொயரியின் பெயரில் ரைட் கிளிக் செய்து புராப்பர்ட்டீஸ் செல்லவும். பைல் திறக்கும்போது ரிப்ரெஷ் செய், 30 நிமிடத்துக்கு ஒரு முறை ரிப்ரெஷ் செய் ஆகிய இரண்டிலும் டிக் அடையாளம் வைக்கவும். ஷீட்டில் பதிந்தது உடனே வராவிட்டால் கவலை வேண்டாம். பப்ளிஷ் செய்த பக்கம் புதுப்பிக்கப்படச் சில நிமிடங்கள் ஆகும்.

துண்டுத் தாளை எடுங்கள்

முதலில் குறித்து வைத்த மூன்று எண்களும் டேஷ்போர்டில் அப்படியே வருகின்றனவா? வரிசைகள் குறைந்தால் இடையில் காலி வரிசையோ வடிகட்டியோ இருக்கிறதா எனப் பார்க்கவும். வரிசை சரியாக இருந்து தொகை குறைந்தால், ஏதோ ஓர் எண் எழுத்தாகப் பதிவாகியிருக்கிறது. கடைசித் தேதி வருங்காலத்தைக் காட்டினால் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. மூன்றும் சரி என்றால் மட்டும் பழைய டேட்டா பைலுக்கு 'பழையது' என்று பெயர் மாற்றி, புராப்பர்ட்டீஸில் ரீட் ஒன்லி டிக் செய்திடவும். பழைய இடத்தில் பழைய பெயரில் அது இருக்கும் வரை, யாராவது ஒரு நாள் அதில் எழுதத்தான் செய்வார்கள்.

பதிகிறவர்களை அழைக்க, ஷீட்டின் ஷேர் பட்டனில் அவரவர் ஜிமெயில் முகவரியைத் தந்து எடிட்டர் அனுமதி கொடுக்கவும். லிங்க் உள்ள யாரும் திருத்தலாம் என்ற அனுமதியைத் தர வேண்டாம். வயலில் சிக்னல் இல்லாத நேரமும் உண்டு. போனில் உள்ள கூகுள் ஷீட்ஸ் ஆப்பில் மேக் அவைலபிள் ஆப்லைன் என்பதை அமைத்துவிட்டால், அங்கேயே பதியலாம். சிக்னல் வந்தவுடன் மேலே ஏறிவிடும். எங்கள் அண்ணன் இப்போது வரப்பிலிருந்தே உரச் செலவைப் பதிகிறார். தம்பி லாரி வாடகையை அதே ஷீட்டில் போடுகிறான்.

கிளவுட் என்பது பேக்கப் அல்ல

புதிய பயனாளர்கள் பலருக்கும் இங்கே ஒரு தவறான நம்பிக்கை உண்டு. கிளவுடில் இருந்தால் அழியாது என்று நினைக்கிறார்கள். கம்ப்யூட்டர் பழுதானால் கிளவுட் காப்பாற்றும். நாமே அழித்தால் அது காப்பாற்றாது. ஒரு போனில் அழித்தது எல்லாத் திரைகளிலும் அழியும். கூகுள் டிரைவின் ட்ராஷில் 30 நாட்கள் மட்டுமே இருக்கும். வரிசையைத் தவறாக மாற்றிவிட்டால் பைல் மெனுவில் உள்ள வெர்ஷன் ஹிஸ்டரி மூலம் முந்தைய நிலைக்குத் திரும்பலாம்.

ரஞ்சன்குடிக் கோட்டையில் மதில் ஒன்றல்ல. வெவ்வேறு உயரங்களில் மூன்று சுற்றாகக் கட்டியிருக்கிறார்கள். கணக்குக்கும் மூன்று சுற்று வைத்துக் கொள்ளுங்கள். வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்ட் ஒன்று. போனில் உறுதி கேட்கும் டூ ஸ்டெப் வெரிபிகேஷன் இரண்டு. அதன் பேக்கப் எண்களைத் தாளில் எழுதிப் பீரோவில் வைக்கவும், போன் தொலைந்தால் அதுதான் சாவி. மூன்றாவது, மாதம் ஒரு முறை பைல் மெனுவில் டவுன்லோட் மூலம் எக்ஸெல் வடிவில் இறக்கிப் பென் டிரைவில் வைக்கும் நகல்.

கூகுள் அக்கவுன்ட்டில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி.; ஜிமெயில், போட்டோக்களும் அதில் அடக்கம். ஒன்டிரைவில் 5 ஜி.பி. கணக்கு பைல் சிறியதுதான். ஆனால் போட்டோக்கள் இடத்தை நிரப்பிவிட்டால் புதிய பைல்கள் மேலே ஏறாது. இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட தனிநபர் அக்கவுன்ட்களைக் கூகுள் நீக்கலாம் என்ற விதி 2023 முதல் இருக்கிறது. எனவே பழைய, மறந்துபோன ஜிமெயிலில் மூலக் கணக்கை வைக்க வேண்டாம். குடும்பத்தில் இன்னொருவருக்கும் எடிட்டர் அனுமதி இருக்கட்டும்.

ஒருவரே எழுதி, ஒருவரே பார்க்கும் கணக்கு என்றால் மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பைல், பென் டிரைவில் ஒரு நகல் போதும். எழுதுகிற கை இரண்டானால் மாற்றுவது நல்லது. பங்குக் கணக்கில் எண் மாறினால் முதலில் சந்தேகம் எண் மேல் வராது, ஆள் மேல்தான் வரும். மூவரும் ஒரே எண்ணைப் பார்த்துக் கொண்டு பட்டறையைப் பிரிப்பதா வேண்டாமா என்று வாதாடுவது நல்ல வாதம். முதலில் சிறிய கணக்கு ஒன்றில், பத்து வரிசைகளை வைத்து இதனைச் செய்து பாருங்கள். சரியாக வந்தபின் பெரிய கணக்கை மாற்றிடுங்கள்.